டத்தோவுக்குக் குடை

ஏதேன் தோட்டத்தை நட்ட கடவுளுக்கு அடுத்தபடியாக, இந்தப் பூமியில் அதிகமான செடிகளை நட்ட ஆள் ஜூலியஸ்தான். யாரோ கட்டிவிட்ட கதையில்லை, அவரே சொன்னது. கில்மோர் தோட்டத்து நர்சரியில் இருபத்து மூன்று வருஷம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து பதினோரு லட்சம் செம்பனைக் கன்றுகளை ஆளாக்கியிருக்கிறார். கடவுள் நட்டதில் ஒரு மரம் பிரச்சினையாகிப் போனது, தன்னுடையதில் அப்படி எதுவும் இல்லை என்பதையும் பணிவோடு சேர்த்துக்கொள்வார். ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, பாதிரியாரின் காதுபடவே சொல்வார். பாதிரியார் பிஸ்கட் எடுக்கப் போய்விடுவார்.

பதினோரு லட்சத்துக்கும் ஒரே வித்தைதான். காலையில் ஒரு வாட்டி தண்ணீர், சாயங்காலம் ஒரு வாட்டி தண்ணீர். மழை கொட்டினாலும் ஊற்ற வேண்டும். மழைதானே பெய்கிறது என்று குழாயைக் கீழே போட்ட பெண்களுக்கு அவர் பேர் வெட்டி, அரைநாள் கூலியைப் பிடித்திருக்கிறார். "செடி மனுசன நம்பணும், மழைய நம்பக் கூடாது" என்பது அவர் வாக்கு.

தோட்டம் கைமாறி ஆறு வருஷமாகிறது. தொழிலாளர் லயத்திலிருந்த நாற்பத்தொரு குடும்பங்களையும் இஜோக் சாலையோரம் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஜூலியஸுக்கும் அவர் மனைவி முரியலுக்கும் மூன்றாவது மாடி. நடுவதற்கு ஒரு சாண் மண் இல்லாத மண்டோர், காலை ஆறரைக்குச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு நடைபாதைக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். கீழே வேலைக்குக் கிளம்புகிறவர்களைத் தலை எண்ணுவார். தோட்டத்தில் பெரட்டு எடுத்து ஆள் கணக்குப் பார்த்த பழக்கம். ஓர் ஆள் குறைந்தாலும் முகம் சுருங்கிப்போகும்.

கீழே மோட்டார் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் சேதுவின் செடிகள் இருந்தன. சேது ரவாங்கில் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்கிறவன். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் செடிகள் என்று அவன் அம்மாவும், அம்மா என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடினியம் என்கிற பாலைவனப் புதர் அது. இரும்புத் தட்டில் பதினெட்டு வைத்திருந்தான். அடிப்பாகம் பெருத்துத் தொந்தி போட்டிருக்கும். மேலே பத்துப் பதினைந்து இலை, உச்சியில் சிவப்புப் பூ. அரபு நாட்டுப் பாறை இடுக்கில் மாதக்கணக்கில் மழை இல்லாமல், தொந்தியில் சேர்த்து வைத்த தண்ணீரிலேயே உயிர் பிழைக்குமாம். அதற்கு ஆகாத ஒரே விஷயம் ஈரம். அதைக் கொண்டுவந்து கோலசிலாங்கூரில் வளர்த்தான்.

மேகம் கறுத்தால் போதும், சேது படியிறங்கி ஓடிவருவான். வங்கி கொடுத்தது, வானொலி கொடுத்தது, தேர்தலில் இரண்டு தரப்பும் கொடுத்தது என்று ஆறு குடைகள் வைத்திருந்தான். தட்டின் மேல் ஐந்தை விரித்துக் கட்டிவிட்டு, ஆறாவதைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய செடி ஒன்றின் பக்கத்தில் நிற்பான். தான் நனைவதைப் பற்றிக் கவலைப்பட மாட்டான்.

மூன்றாவது மாடியில் ஜூலியஸுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

"ஏய் சேது, கீழ யாரு வந்திருக்கா? டத்தோவா? தொந்தியும் இருக்கு, குடை பிடிக்க ஆளும் இருக்கு."

மொத்தக் கட்டடமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து அந்தச் செடிகளுக்கு, சுல்தான் பட்டம் கொடுத்த பெரிய மனுஷரைப்போல, டத்தோ என்றே பெயராகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள்கூட "டத்தோ பூத்திருச்சு" என்றார்கள்.

"மண்டோர் அங்கிள், இதுக்குத் தண்ணி ஊத்தாம இருக்கிறதுதான் வேலையே" என்றான் சேது, நனைந்த தலையோடு.

"சும்மா இருக்கிறது வேலையா? அப்ப எங்க தோட்டத்து ஆபீஸ் கிராணிதான் உலகத்திலயே பெரிய தோட்டக்காரன் லா."

ஆகஸ்ட் மாதம் தபாலில் அந்தச் சூராட் வந்தது.

கில்மோர் தோட்டத்தை வாங்கிய நிறுவனம் அங்கே வீடுகள் கட்டத் தொடங்கியிருந்தது. திட்டத்தின் பெயர் ஒயாசிஸ். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் சதுப்பு நிலத்துக்கு அந்தப் பெயரை யோசித்தவருக்கு நிச்சயம் நல்ல சம்பளம் இருக்கும். தோட்டத்து மக்களின் கல்லறைத் தோட்டம் அந்த நிலத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முப்பத்தாறு கல்லறைகள். வேலியோரமாக இருப்பது அலீசியாவுடையது. ஜூலியஸுக்கும் முரியலுக்கும் ஒரே பிள்ளை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, பதினெட்டு வயதில், டிங்கிக் காய்ச்சலில் போனாள்.

நிறுவனம் அனுப்பிய சூராட்டில் மூன்று பத்திகள். முதல் பத்தியில் குடும்பங்களின் உணர்வுகளை மதிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவதில், பாதுகாப்புக் காரணங்களுக்காக இனி ஆண்டுக்கு ஒரு நாள், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் உள்ளே அனுமதி. பூச்சாடி, தொட்டி, தண்ணீர் தேங்கும் பாத்திரம் எதுவும் வைக்கக் கூடாது, கொசு பெருகும். லயத்துப் பின்பக்கச் சாக்கடையில் கொசு பெருகியபோது இவ்வளவு அக்கறை அந்த நிலத்தில் யாருக்கும் வந்ததில்லை. மூன்றாவது பத்திதான் விஷயம். மார்ச் மாதம் ஆய்வாளர் ஒருவர் வருவார். 'தொடர்ந்து பராமரிக்கப்படும் அடையாளம்' இல்லாத கல்லறைகள் வாரிசற்றவை என்று கருதப்படும். அவற்றிலுள்ள எலும்புகளை மொத்தமாக எடுத்து வேறிடத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்வார்கள்.

முந்நூற்று அறுபத்து நாலு நாள் கதவைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்புறம் ஏன் யாரும் வருவதில்லை என்று கேட்பார்கள். கையெழுத்துக்கு மேலே 'அன்புடன்' என்று போட்டிருந்தது.

முரியல் புஞ்சாக் ஆலாமில் மாணவர் விடுதி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவள். லீவு போட்டுவிட்டு, பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், அடக்கத்தன்று எடுத்த படம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி சின்னப் பையன், நல்ல பையன். ஏசி குளிராக இருக்கிறதா என்று கேட்டான். தோட்டத்து அடக்கப் பதிவேடு கைமாறியபோது வந்து சேரவில்லை, அதனால் எது யாருடைய கல்லறை என்பதற்கு ஆதாரமில்லை என்று விளக்கினான். சிலுவையில் பெயர் இருக்கிறதே என்றாள் முரியல். பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாமே ஆண்ட்டி என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். அப்படியென்றால் எதுதான் அடையாளம் என்று கேட்டதற்கு, கணினியில் பார்த்துவிட்டு, உயிருள்ள செடி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்றான். போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தான். பாட்டிலில் ஒயாசிஸ் என்று அச்சிட்டிருந்தது.

அந்தப் பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு முரியல் நின்றாள். உட்காரவில்லை.

"பெத்தவ நேர்ல போய் நிக்கிறேன். நான் அத்தாட்சி இல்லையாம். செடி அத்தாட்சியாம்."

ஜூலியஸுக்கு அப்போது கோபத்தைவிடப் பெருமைதான் முதலில் வந்தது. செடியா? யாரிடம் கேட்கிறார்கள் செடி? செம்பருத்தி வைக்கலாம், குரோட்டன் வைக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முரியல் அவரை முழுதாகப் பேசவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிழல் மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். கல்லறையைச் சுற்றிச் செம்மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்டியிருக்கிறார்கள். நவம்பர் இரண்டாம் தேதி நட்டால் மார்ச் வரை யாரும் உள்ளே போக முடியாது. ஜனவரி, பிப்ரவரி வெயிலில் அந்த மண் ஓடு மாதிரி வெடிக்கும்.

"காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி யாரு ஊத்துவா? கேட்டுல காவல் நிக்கிற ஜாகாவா?"

பதினோரு லட்சம் செடி வளர்த்தவருக்கு, ஆளில்லாமல் வளரும் ஒரு செடியின் பெயர் சொல்லத் தெரியவில்லை. முரியல் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள். சேதுவின் தட்டுக்கு முன்னால் நின்று, இதில் எது நாலு மாதம் அநாதையாகக் கிடந்தாலும் சாகாது என்று கேட்டாள்.

சேது ஐந்து வருஷச் செடி ஒன்றைக் கொடுத்தான். அதோடு பாடமும் நடத்தினான். சுங்கை பெசாரில் நெல் ஆலையிலிருந்து வாங்கி வந்த கரி உமி ஒரு பங்கு, பெருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு. சனிக்கிழமை மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீர். தொந்தியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். இலை உதிர்ந்தால் பயப்படக் கூடாது, அது தூங்குகிறது. பால் விஷம், கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. முரியல் பள்ளிப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டாள். நவம்பர் வரை வாசலில் வைத்துப் பழகி, பிறகு கல்லறையில் நடுவதாக ஏற்பாடு.

டத்தோ மூன்றாவது மாடிக்கே குடிவந்துவிட்டதில் ஜூலியஸுக்கு அவமானம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், தண்ணீர் கொடுத்தால் கோபித்துக்கொள்வார் என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் காலையில் தலை எண்ணி முடித்ததும் அவர் கண் அந்தத் தொட்டிக்குப் போகும். மண் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். இருபத்து மூன்று வருஷமாக அப்படி ஒரு மண்ணைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா நின்றதில்லை.

அக்டோபரில் குழாய்த் தண்ணீர் நான்கு நாள் நின்றது. கீழே தண்ணீர் லோரி வந்தது. வரிசையில் நின்று வாளிகளைப் பிடித்து, மூன்று மாடி தூக்கி வந்தாள் முரியல். சமையலுக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, குளிக்க ஆளுக்கு அரை வாளி என்று கோடு கிழித்து வைத்தாள். மூன்றாம் நாள் ஜூலியஸின் அரை வாளி தீர்ந்திருந்தது. ஜூலியஸ் குளித்த மாதிரி தெரியவில்லை. கழுத்து மடிப்பில் அழுக்கு அப்படியே இருந்தது.

முரியல் வாசலுக்குப் போனாள். தொட்டி மண் கறுப்பாக இருந்தது. தொந்தியில் கட்டைவிரலை வைத்தாள். பழுத்த பப்பாளியில் இறங்குகிற மாதிரி விரல் உள்ளே இறங்கியது. கள் புளித்த மாதிரி ஒரு வாடை வந்தது.

"எத்தனை நாளா?"

"வாடின மாதிரி இருந்துச்சு முரியல்."

"எத்தனை நாளா ஊத்துறீங்க?"

"ஒரு மூணு வாரம். ரொம்ப இல்ல. காலையில ஒரு வாட்டி..."

"சாயங்காலம் ஒரு வாட்டி." அவள்தான் முடித்தாள். குரல் உயரவில்லை. "குளிக்கக்கூட இல்லாம ஊத்தியிருக்கீங்க."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, ஜூலியஸ் தலையை ஆட்டினார்.

"உங்களுக்கு வேற மருந்தே தெரியாதா?" என்றாள் முரியல். "அன்னைக்கும் இதத்தான சொன்னீங்க. சாதாக் காய்ச்சல், தண்ணி நிறைய குடிச்சா எறங்கிடும்னு. ரெண்டு நாளு ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகல. கோப்பை கோப்பையா நீங்கதான ஊட்டுனீங்க. பிள்ளை வேணாம்ப்பா வேணாம்ப்பான்னுச்சு. மண்டோரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் பாத்துகிட்டு நின்னேன்."

பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு, கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்துவிடுமே என்று கூட்டினார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அவர்கள் இருவருக்கும் இடையே சொல்லப்படாத வாக்கியம் அது. சொன்ன பிறகு முரியல் கையைக் கழுவப் போனாள். கழுவத் தண்ணீர் இல்லை. மேசையில் ஆகஸ்ட் மாதத்திலிருந்து திறக்காமல் கிடந்த ஒயாசிஸ் பாட்டிலைத் திறந்து, முழுவதையும் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஜூலியஸ் நடைபாதையில் நிற்கவில்லை. எட்டாம் நாள் காலையில் கீழே இறங்கிப் போனார். சேது ஷிப்ட் முடிந்து வந்து தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜூலியஸ் தட்டுக்கு முன்னால் நின்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. செடி வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு செடியின் தொந்தியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். சேது தலைக்கவசத்தை வண்டியில் மாட்டினான். பிறகு கோடியிலிருந்த பன்னிரண்டு வருஷச் செடியைத் தூக்கிக் கீழே வைத்தான்.

"மூத்த டத்தோ. இதுக்கு மேல என்கிட்ட இல்ல அங்கிள்."

அதன் பக்கத்தில் நின்றுதான் அவன் ஆறாவது குடையைப் பிடிப்பது வழக்கம்.

இந்த முறை பாடம் ஜூலியஸுக்கு. தொட்டி வைக்கக் கூடாது என்பதால் வெறும் வேராகத்தான் நட வேண்டும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது வேர் அறும். அறுந்த இடத்தில் லவங்கப் பட்டைத்தூள் தடவி நாலு நாள் நிழலில் காயவிட வேண்டும். கல்லறையின் மேல் செங்கல்லால் ஒரு முழ உயரத்துக்கு வட்டம் கட்டி, மணலும் உமியும் நிரப்பி அதில் நட வேண்டும். தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் மழையோ வெயிலோ தாங்கிக்கொள்ளும்.

"ஆனா நட்டு ஒரு வாரம் ஒரு சொட்டு படக் கூடாது. காயம் ஆறுற வரைக்கும். பட்டா அழுகிடும்."

"நவம்பர்ல டா" என்றார் ஜூலியஸ்.

"அதுக்குத்தான் நாலு கம்பு நட்டு மேல பிளாஸ்டிக் விரிச்சிக் கட்டிடுவோம்."

நவம்பர் இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு ஒயாசிஸ் வாசலில் வரிசை நின்றது. வெள்ளை வேட்டிகள், கறுப்புச் சேலைகள், மெழுகுவர்த்தி, மண்வெட்டி, சுண்ணாம்பு வாளி. இடியப்பமும் நெத்திலிச் சம்பலும் கட்டி எடுத்து வந்திருந்தாள் முரியல். அலீசியாவுக்குப் பிடித்தது. நேபாளத்து ஜாகா ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்தான். செங்கல்லைப் பார்த்ததும் யோசித்தான். அடினியத்தைப் பார்த்ததும், தன் ஊரிலும் இது மாதிரி ஒன்று உண்டு என்று மலாயில் சொல்லி உள்ளே விட்டான்.

ஜூலியஸ் சட்டையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு வேலை செய்தார். செங்கல்லை அடுக்கினார். மணலைக் கையாலேயே சலித்துப் போட்டார். வேரை மண்ணுக்குள் இறக்கும்போது, ஆயிரம் கன்றை ஒரே நாளில் பையில் போட்ட அந்தக் கை ஒரு வேர்கூட மடங்காமல் பார்த்துக்கொண்டது. தொந்தியின் முக்கால்வாசி வெளியே தெரிகிற மாதிரி வைத்து, சுற்றிலும் மணலை விரலால் குத்தி இறுக்கினார். சேது நாலு கம்புகளை நட்டுப் பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்டினான்.

பாதிரியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். அலீசியாவிடம் வந்து தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியபோது ஜூலியஸ் குறுக்கே கையை நீட்டினார்.

"ஃபாதர், செடி மேல வேணாம்."

"தீர்த்தம் மண்டோர்."

"தெரியும் ஃபாதர். சிலுவைக்கு மட்டும் போடுங்க."

பாதிரியார் சிலுவைக்கு மட்டும் போட்டார். ஒரு துளி ஜூலியஸின் புறங்கையில் விழுந்தது. அதை அவர் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்குக் கடல் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் ஜீப் ஒன்றும் வந்தது. ஏசி குளிராக இருக்கிறதா என்று கேட்ட அந்த நல்ல பையன் இறங்கினான். எல்லாருக்கும் வணக்கம் சொன்னான். செங்கல் வட்டத்தைப் படம் எடுத்தான், செடியைப் படம் எடுத்தான், மிகவும் அழகாக இருக்கிறது என்றான். பிறகு பிளாஸ்டிக் கூரையைப் பார்த்தான். கூரை என்றால் அது கட்டுமானம், கட்டுமானத்துக்கு அனுமதி இல்லை என்று ஜாகாவைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னான். சேது காயத்தைப் பற்றி, ஏழு நாளைப் பற்றி, வேரைப் பற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கினான். பையன் தலையாட்டிக் கேட்டான். முரியல் எதையும் விளக்கவில்லை.

"தம்பி, என் பிள்ளை பேர எழுதி வச்சேன், செல்லாதுன்னீங்க. நான் வந்து நின்னேன், செல்லாதுன்னீங்க. செடி வையின்னீங்க, வச்சேன். இப்ப அதையும் மழையில போடுங்கறீங்க. உங்களுக்கு எலும்புதான வேணும்? நேரா கேளுங்க."

பையன் தரையைப் பார்த்தான். விதிமுறை தன் கையில் இல்லை ஆண்ட்டி என்றான். ஜாகா நாலு கம்புகளையும் பிடுங்கி, பிளாஸ்டிக்கை ஒழுங்காக மடித்து, முரியலிடமே கொடுத்தான். பன்னிரண்டு மணி ஆனது. ஜீப் கிளம்பியது. குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வாசலுக்குப் போயின. முதல் துளிகள் செம்மண்ணில் விழுந்து காசு காசாக அடையாளம் போட்டன.

சேதுவும் முரியலும் வாசல் வரை வந்த பிறகுதான் ஜூலியஸ் கூட வரவில்லை என்பதைக் கவனித்தார்கள்.

திரும்பிப் பார்த்தார்கள். சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் சேது கொண்டுவந்திருந்த வங்கிக் குடை. கையை முழுதாக நீட்டி, செங்கல் வட்டத்துக்கு நேர் மேலே பிடித்திருந்தார். குடைக்கு வெளியே அவருடைய தலை, சட்டையில்லாத முதுகு, காலெல்லாம். மழை வலுத்தது.

ஜாகா அவரிடம் போனான். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, பக்சிக் என்று மரியாதையாகச் சொன்னான். ஜூலியஸ் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று ஜாகா கேட்டான். அவர் இன்னொரு கையைத் தூக்கி ஐந்து விரலை விரித்துக் காட்டினார். பிறகு மடக்கி, இரண்டு விரலைக் காட்டினார்.

"ஏழு மணிக்கா?" என்றான் ஜாகா.

ஜூலியஸ் தலையை ஆட்டி மறுத்தார்.

ஜாகா வாசலைப் பார்த்தான். ஜீப் போன திசையைப் பார்த்தான். பிறகு தன் கூண்டுக்குத் திரும்பிப் போனான். கதவைப் பூட்டவில்லை.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சேது எதையோ கத்திச் சொல்ல வாயைத் திறந்தான். டத்தோ கேலிக்குப் பதிலாக இரண்டு வருஷமாக அவனுக்கு வர வேண்டிய சிரிப்பு அது. முரியலின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவள் மடித்த பிளாஸ்டிக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இடியப்பத் தூக்கோடு உள்ளே நடக்கத் தொடங்கினாள்.

காற்று கடல் பக்கமிருந்து சாய்த்து அடித்தது. ஜூலியஸ் குடையைக் காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் சாய்த்தார். வாளியை நகர்த்திப் போட்டு, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்தார். பிறகு கட்டைவிரலை நீட்டி, மணலைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.